ஏறும் துடிப்பு

கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். துபாய் ஆஸ்பத்திரியிலிருந்து கணவர் பேசினார்.

"ரெண்டு கையிலயும் பிரஷர் வேற வேறயா இருந்துச்சு புள்ள. ஸ்கேன் எடுத்தா, நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் உள்பக்கமா கிழிஞ்சிருக்காம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கேன்."

அதைக் கேட்டு, பின்சீட்டில் நான் வலக்கையால் இடது நாடியையும் இடக்கையால் வலது நாடியையும் பிடித்து, எனக்கு நானே விலங்கு மாட்டியவன்போல உட்கார்ந்திருந்தேன்.

"நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே மச்சான்!"

"பேசாத புள்ள. ஒன் குரலைக் கேட்டாலே துடிப்பு ஏறுது. ஏறுனா கிழிசல் பெருசாயிருமாம். நர்சம்மா திட்டுறாங்க."

"இத்தனை வருசமா ஏறாதது இப்பத்தான் ஏறுதாக்கும்? சரி, நான் பேசலை. ஆபரேஷனுக்குக் கூப்பிடுற வரைக்கும் போனை மட்டும் வச்சிராதீங்க."

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தபோது, அந்தப் பெண் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.