டிரம்ஸ்காரன் விட்ட ஓர் அடி

மேடையில் வீற்றிருக்கும் பதிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, எங்கள் இசைத்தட்டின் அட்டைப்படத்தைச் சட்டையில் அச்சிட்டுத் துக்கத்துக்கு வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே!

மறைந்தவர் யார்? ராக் இசையின் வரலாற்றாசிரியர்! எங்கள் குழு வெளியிட்ட ஒரே தட்டைப் பற்றித் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதியவர்! பரணில் கிடந்த அந்தத் தட்டை நீங்கள் மறுபடி தேடி எடுத்தது யாரால்? அவரால். நாலாவது பாட்டை ஓடவிட்டு, ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பது யாரால்? அதுவும் அவரால்தான்!

அந்த இடம் உங்களுக்கு மனப்பாடம். டிரம்ஸ் ஓர் அடி நின்றுபோகும். 'டிரம்ஸ்காரர் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த கணம்' என்று எழுதினார் நம் மேதை. அந்த டிரம்ஸ்காரன் நான்.

நான் தூங்கவில்லை, பெரியோர்களே. எங்கள் பாடகி அந்த வரிக்கு முன்னால் மூச்சை இழுப்பாள். ஒத்திகையில் அதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மூச்சு கேட்கட்டும் என்று குச்சியை அந்தரத்திலேயே நிறுத்தினேன். என் வாழ்நாளில் நான் வாசித்ததிலேயே உருப்படியானது, அடிக்காமல் விட்ட அந்த ஓர் அடிதான். இன்று அவளும் உயிரோடு இல்லை. அவள் மூச்சை யாரும் கேட்பதில்லை. என் குறட்டையைத் தேடுகிறீர்கள்.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். சாய்வு நாற்காலி, மடியில் பூனை. எழுந்திருக்கக்கூட இல்லை.

"தம்பி, நீங்க சொல்றதுதான் நிஜமா இருக்கும். ஆனா பாடகி மூச்சு விட்டாங்கன்னு எழுதினா எவன் திரும்பக் கேப்பான்? குடிகாரன்னு எழுதினேன், கடையில தட்டே தீந்துபோச்சு. உங்களுக்கும் பேருதானே?"

பேர்தான்! பள்ளிக்கூடத்தில் என் மகள் நடந்து போனால் கூடப் படிக்கிற பிள்ளைகள் குறட்டை விட்டார்கள். "அப்பா, நீதான் குடிக்கவே மாட்டியே, அப்புறம் ஏன் எல்லாரும் அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாள். ஏழை சொல்லே அம்பலம் ஏறாது. டிரம்ஸ்காரன் சொல்லா ஏறும்?

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். குறையா சொல்கிறேன்? ஒரு பொய்யை ஒரு தலைமுறைக்கே தாளத்தோடு பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்! எத்தனை பேருக்கு வரும் இந்தத் திறமை!

அவருடைய தன்வரலாறு பாதியில் நிற்கிறது. முடித்துத் தரும்படி பதிப்பாளர் என்னைத்தான் கேட்டிருக்கிறார். குடிகார டிரம்ஸ்காரன் எழுதினால் பிய்த்துக்கொண்டு போகுமாம். இதோ, மாலை போட்ட அவர் படத்தின் முன்னால் உறுதி சொல்கிறேன்: முடிப்பேன்! அவர் எழுதிய வழியிலேயே எழுதி முடிப்பேன்!

கடைசி அத்தியாயம் அவருடைய சாவு. அண்ணி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரித் தரையில் பாயைப் போட்டு அவர் பக்கத்திலேயே கிடந்தீர்கள். எனக்குத் தெரியும். இவ்வளவு நேரமும் அழுதுகொண்டே இருக்கிறீர்கள். அதையும் பார்க்கிறேன். ஆனால் அழுகிற மனைவியைப் பற்றி எவன் காசு கொடுத்துப் படிப்பான்?

என் புத்தகத்தில், அவர் தண்ணீர் கேட்டுக் கூப்பிடுகிறார், அண்ணி. நீங்கள் அந்த அறைக்குள் வரவே இல்லை.