மாப்பிள்ளை போட்ட சர்வ்

உங்களுக்கு ஸ்குவாஷ் தெரியாது என்றீர்கள். பரவாயில்லை, பாதிப் பேருக்குத் தெரியாது. நான்கு சுவருக்குள் இரண்டு பேர் ஒரே சுவரைப் பார்த்து மாறி மாறிப் பந்தடிப்பதுதான் ஆட்டம். ஒருவன் சர்வ் போடுவான். மற்றவன் பின்மூலைப் பக்கம் நின்று அதைத் திருப்பி அடிப்பான். எல்லோரும் சர்வுக்குத்தான் மெனக்கெடுவார்கள். எனக்குத் திருப்பி அடிப்பதுதான் பிடிக்கும். மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போடுகிறவனின் மணிக்கட்டைக் கவனித்தால் பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அவசரமே தேவையில்லை.

நான் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்து, பயமில்லாமல் ஏறலாம் என்று எழுதிக்கொடுப்பவன். பதினெட்டு வருடத்தில் ஒன்றுகூட அறுந்து விழுந்ததில்லை. என்னை அவசரக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெற்றவர்கள் போனபோது தங்கைக்குப் பதினொன்று, எனக்கு இருபத்து மூன்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளை உள்ளங்கையில் வைத்து வளர்த்தேன். எந்தத் தோழி வீட்டுக்கு வரலாம், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கலாம் என்பதையெல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மாப்பிள்ளையும் தங்கமானவர். பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். கல்யாணமானதும் என் வீட்டு மாடியிலேயே குடியிருக்க மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் ஆடப் போவோம்.

மூன்றாவது வருடம், ஒருநாள் சாப்பிடும்போது தங்கை சொன்னாள்.

"அண்ணா, அவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் போறோம்."

போகலாமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். எழுந்தவளின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவளுக்குச் சட்டென்று கன்றிப்போகும் தோல், சின்ன வயதிலிருந்தே அப்படி.

கிளம்ப ஐந்து மாதம் இருந்தது. நான் மாப்பிள்ளையின் ஆட்டத்தைத் திருத்த ஆரம்பித்தேன். சர்வ் போட்டதும் நடுவில் வந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல முன்சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வழக்கம்.

"போட்டுட்டு அப்படியே நிக்காதீங்க மாப்பிள்ளை. தலையைத் திருப்பி என்னைப் பாருங்க. நான் எங்க அடிக்கப் போறேன்னு அப்பத்தானே தெரியும்?"

"மூஞ்சில பட்டுடாதா மச்சான்?"

"பந்து சுத்தி வந்தா நான் அடிக்கவே மாட்டேனே. எத்தனை வருஷமா பாக்கறீங்க?"

திரும்பிப் பார்க்கும்படி எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். கூடவே பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள் என்றும் சொல்வார். வியர்வையில் மங்கிவிடும், வேண்டாம் என்று நான் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, மங்கத்தான் செய்யும். பழக்கம் படிய இரண்டு மாதமாயிற்று.

சில சர்வ்கள் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் பட்டு, நம்மைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். நாமும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் அடிக்க வேண்டும். சுற்றும்போது எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரியாது. அதனால் மரியாதை தெரிந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி போடச் சொல்வார்கள். நானும் எப்போதும் நிறுத்துகிறவன்தான். அந்தச் சனிக்கிழமை பந்து சுற்றி வந்தது. சுற்றினேன். மாப்பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடியே, திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஒன்பது அடி தூரம் இருக்கும். முழு பலத்தோடு அடித்தேன்.

அந்தப் பந்து சின்னது. இடது கண்குழிக்குள் போய் உட்கார்ந்து, பிறகு தரையில் விழுந்து உருண்டது. அவர் முழங்காலிட்டு ஒரு கையால் தரையைத் தடவினார். முகத்தைப் பொத்தியிருந்த மற்றக் கையின் விரலிடுக்கில் ரத்தமும், முட்டையின் வெள்ளைக்கரு போல ஏதோவும் வழிந்தன. சுற்றி அடித்த பந்து எதிராளி மேல் பட்டால் புள்ளி எதிராளிக்கு. அதுதான் விதி. "உங்க பாயிண்ட், மாப்பிள்ளை" என்றேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஒருவரும் சந்தேகப்படவில்லை. மருத்துவமனையில் மாப்பிள்ளையே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைப் போட்டு வருத்திக்காதீங்க மச்சான்" என்றார். நான் அழுதேன். நிஜமான அழுகை. நிம்மதியாக இருந்தது. தங்கை மருந்தும் கையுமாக மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள், பயணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

ஆறு வாரம் கழித்து, ஒரு கண் போதும், வாருங்கள் என்று அந்த நிறுவனம் எழுதிவிட்டது. பெட்டிகள் கூடத்துக்கு வந்தன.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "ஒரு ஆட்டம் போடலாம் வாங்க மச்சான். எனக்கு உங்க மேல ஒண்ணுமில்லைன்னு உங்களுக்குத் தெரியணும்." அப்படிப்பட்ட மனிதர். இந்தத் தடவை பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தங்கை வாங்கிக் கொடுத்ததாம்.

கதவைச் சாத்திக்கொண்டோம். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் முதல் சர்வ் எங்கேயோ போயிற்று. சிரித்தார். பரவாயில்லை, மறுபடி போடுங்கள் என்றேன். இரண்டாவது சரியாக வந்தது. நடுவுக்கு நகர்ந்து, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பந்தைப் போகவிட்டு நேராக அவரிடம் நடந்தேன்.

"மச்சான், பந்து அந்தப் பக்கம்" என்றார்.

முதல் அடி காதுக்கு மேலே. இரண்டாவதில் மட்டை முறிந்து, கைப்பிடியோடு ஒரு முழம் கூராக மிஞ்சியது. விழுந்தவர் மேல் உட்கார்ந்து அதைக் கழுத்தில் இறக்கினேன். என் கையைத் தடுக்காமல், தட்டித் தட்டி நிறுத்தச் சொன்னார், பாவம். பதினேழு குத்து என்று சொல்கிறீர்கள். நான் எண்ணவில்லை, அசைவு நிற்கும்வரை குத்தினேன். கண்ணாடி மட்டும் உடையவே இல்லை. நல்ல கண்ணாடி.

ஆகவே, ஆமாம். கண்ணைப் பறித்ததும் நான்தான், கொன்றதும் நான்தான். இரண்டும் யோசித்துச் செய்தவை.

தங்கை என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம், பெட்டியோடு வேறெங்கோ போய்விட்டாளாம். கோபம். சின்ன வயதிலும் இப்படித்தான். இரண்டு நாள் பேசமாட்டாள். நானும் சாப்பாடு வைக்கமாட்டேன். மூன்றாம் நாள் அவளாகவே வந்துவிடுவாள். எத்தனை வருடம் தீர்ப்பானாலும் சரி, அதுவரை அவளைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். அவள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஆள் இப்போது நான் ஒருவன்தானே.