பிளேட் எடுத்த கால்

— அசையாதீங்க. டேப்பைச் சுத்தறேன்.

— கணுக்காலுக்குச் சட்டையா தைக்கப் போறே?

— தையல்காரியைக் கட்டிக்கிட்டா அளவுதான் பேசும். நேத்து இருபத்தஞ்சு சென்டிமீட்டர். இன்னிக்கு இருபத்தேழு.

— டேப் சுருங்கியிருக்கும்.

— ஆமா, டேப் சுருங்கும், உங்க கால் வீங்காது! எலும்பு முறிவுக்கு வெச்ச பிளேட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் எடுத்துப் பன்னிரண்டு நாளாச்சு. வீக்கம் வத்திட்டே வந்தது. இன்னிக்கு மட்டும் ஏன் இப்படிப் பூசணிக்கா மாதிரி...

— இரும்பு போன துக்கம். ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்தோமில்ல?

— விளையாடாதீங்க. சிவந்திருக்கா... இல்ல. சுடுதா... அதுவும் இல்ல. தையலும் பிரியல. அப்போ எங்கேயோ நடந்திருக்கீங்க.

— பாத்ரூம் வரைக்கும்.

— நம்ம பாத்ரூம்ல இவ்வளவு புழுதியா? இப்போ அவுத்த கட்டைப் பாருங்க. தபால்காரரே, லீவுல இருக்கும்போது யாருக்குத் தபால் கொடுத்தீங்க?

— கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லு.

— மாட்டேன்.

— இப்பவே மூக்கு சிவக்குதே!

— சொல்லுங்க!

— நம்ம பொண்ணைப் பார்க்கப் போனேன். வேலை கிடைச்சதும் அவ தனி வீடு பார்த்துட்டான்னு சண்டை போட்டது நீ. அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னதும் நீ. நான் என்ன பண்ணுவேன்? அவ தெரு நான் தபால் கொடுக்கற பீட்டுல இருக்கு. தினம் அவளைப் பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் அடுத்த வீட்டுக்கே போவேன். பன்னிரண்டு நாளா பார்க்கல... மனசு கேக்கல.

— அதுக்காக? ஸ்க்ரூ இருந்த ஓட்டையெல்லாம் தூருற வரைக்கும் படி ஏறாதீங்க, எலும்பு மறுபடி உடைஞ்சிடும்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரே!

— ஆட்டோலதான் போனேன்.

— ஆட்டோ மூணாவது மாடி ஏறுமா?

— லிஃப்ட் இருக்கு.

— அதுதான் ஒரு வாரமா ஓடலையே!

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— ஐஸ் உருகிடுச்சு... மாத்திட்டு வரேன்.

— உட்காரு. மூணாவது மாடின்னும் நான் சொல்லவே இல்லையே.

— கத்தாதீங்க. வாரா வாரம் நானும் அங்கே போயிட்டுத்தாங்க இருக்கேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுடுவாரு, வாயைத் திறக்காதேன்னு அவகிட்ட சொல்லி வெச்சேன். கல்லுளிமங்கி... ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வெச்சு சோறு போட்டிருக்கா பாருங்க!