பாதகங்கள் என்றொரு தலைப்பு

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுதுவார்கள், மேடம். படிக்கிறவர்கள் அதை மட்டும்தான் படிப்பார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நீங்கள் முழுக் கட்டுரையையும் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். நல்லது. எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் அப்படிப் படித்தவர் இதற்கு முன் ஒருவர்தான். அவர் படித்ததால்தான் நீங்களும் நானும் இந்த விசாரணைக்காக இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் மணவாளன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியர். என் வயதில் எல்லாரும் களைத்துப்போயிருப்பார்கள். நான் கொஞ்சம் முன்னதாகவே களைத்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் கட்டுரைகள் எழுதினேன். அவை எங்கெங்கோ அச்சாகி எங்கெங்கோ தூங்குகின்றன. ஒரு நோயாளிக்கு ஒரு மாத்திரை எழுதும்போதுகூட எந்த டாக்டரும் என் பெயரை நினைத்துப் பார்த்ததில்லை. புகார் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

ஜூலி என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். கடலூர் முதுநகர்ப் பெண். அப்பா தைரியராஜ் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தவறிவிட்டார். அம்மா ஆரோக்கிய ராணி ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைத்துக்கொண்டே அவளைப் படிக்க வைத்தார். ஜூலி கெட்டிக்காரி. அதைவிட, கேட்ட கேள்வியை விடமாட்டாள். ஆராய்ச்சிக்கு அது நல்ல குணம்.

அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக் கொட்டகைகளில் பெண்கள் காலை முதல் மாலை வரை குந்தியபடியே கொட்டை உடைப்பார்கள். நாற்பது வயதிலேயே முட்டி போய்விடும். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற இரண்டு பழைய மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் வலி வேகமாகக் குறையும் என்பது என் யோசனை. ஜூலி கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தாள். யோசனை பலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் சும்மா எழுந்தார்கள். ஒரு அம்மாள் என் முன்னால் மூன்று முறை உட்கார்ந்து எழுந்து காட்டிச் சிரித்தார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று பேருக்கு முகம் வீங்கியது. சிறுநீர் குறைந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் ஜூலிதான்.

“கொட்டகையில பாத்ரூம் இல்ல சார். அதனால காலையிலேர்ந்து அவுங்க தண்ணியே குடிக்கறதில்ல. தண்ணி இல்லாத ஒடம்புல ரெண்டு மாத்திரையும் சேர்ந்து கிட்னிய அடிக்குது.”

அவள் சொன்னது சரி. மாத்திரையை நிறுத்தியதும் இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள். ஞானாம்பாள் என்பவர் பிழைக்கவில்லை. கட்டுரையின் உள்ளே ஓர் அட்டவணையில் மூன்று பேரையும் ‘நடுவில் விலகியவர்கள்’ என்று போட்டு, சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு ஒன்று கொடுத்தேன். இறந்தவரும் ஒரு வகையில் விலகியவர்தானே. எதையும் மறைக்கவில்லை. தேடினால் கிடைக்கும்.

அப்புறம் சுருக்கம். இதழ்கள் இரண்டு வடிவத்தில் கேட்பார்கள். ஒன்று தலைப்புப் பிரித்து எழுதுவது. பின்னணி, நோக்கம், முறை, முடிவுகள், மருந்தால் வந்த கெடுதல்களைச் சொல்லும் பாதகங்கள், தீர்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே பத்தியாக ஓட விடுவது. மருந்து பற்றிய கட்டுரைக்குத் தலைப்புப் பிரித்த வடிவம்தான் சரி. வருடா வருடம் வகுப்பில் இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் அனுப்பவிருந்த இதழ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். தேர்வு எங்களுடையது.

ஜூலி தலைப்புப் பிரித்துத்தான் எழுதி வந்தாள். ‘பாதகங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே மூன்று பேரையும் எழுதியிருந்தாள். ஞானாம்பாள் இறந்ததையும் தண்ணீர் விஷயத்தையும் சேர்த்திருந்தாள். சுத்தமான எழுத்து. அதைப் படித்தால் எந்த டாக்டரும் அந்த இரண்டு மாத்திரையைச் சேர்த்து எழுத மாட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மின்சாரம் போய் விசிறி நின்றிருந்தது. அவள் தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“தலைப்பெல்லாம் எடுத்துடும்மா. ஒரே பத்தியா போட்டுக்கலாம்” என்றேன்.

“பாதகத்த மட்டுமாவது தனியா வைக்கலாம் சார். டாக்டருங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க.”

“அதனாலதாம்மா சொல்றேன்.”

அவள் விசிறுவதை நிறுத்தினாள். தலைப்பு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். தலைப்பே இல்லாவிட்டால் யாரும் எதையும் தேட மாட்டார்கள். இதை அவளுக்கு விளக்கவில்லை. அவளுக்கே புரியும்.

“அப்ப பத்திக்குள்ள ஒரு வரியாவது போடலாம் சார்.”

“இடம் இருந்தா போடலாம்” என்றேன். பிறகு நானே சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். ‘பெரும்பாலானோர் மருந்தை நன்கு ஏற்றுக்கொண்டனர்’ என்ற வாக்கியம் என்னுடையது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்தி முடிந்தபோது இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அவள் திரையையும் என்னையும் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பட்டம் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டுரையில் முதல் பெயராக அவள் பெயரைப் போடச் சொன்னேன். வழிகாட்டிகள் பொதுவாக அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை.

சிதம்பரத்தில் நடந்த மாநாட்டில் அந்தச் சுருக்கத்தை ஜூலி படித்தாள். கைதட்டினார்கள். யாரோ அதைப் படம் பிடித்து டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். தலைப்புகள் இல்லாத ஒரே பத்தி செல்போன் திரையில் அளவாக உட்கார்ந்தது. விரலால் தள்ளிப் படிக்கக்கூட வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாடியில் எழுத ஆரம்பித்தார்கள், விருத்தாசலம் பக்கம் எழுத ஆரம்பித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் போனில் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். என் களைப்பு கொஞ்ச நாள் என்னை விட்டுப் போயிருந்தது.

மங்கலம்பேட்டையிலிருந்து கதிரவன் என்று ஓர் இளம் டாக்டர் கூப்பிட்டார்.

“சார், ஒரு பேஷண்டு கால் வீங்கி வந்திருக்காரு. யூரின் கம்மி. உங்க காம்பினேஷன்ல இருக்காரு. அதனால இருக்குமா சார்?”

“வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல டாக்டர். தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

யோசித்துப் பாருங்கள், நான் சொன்னது சரியான ஆலோசனைதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு தூரம் பேசத் தெம்பு இல்லை. அந்த நோயாளி என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜூலிக்குப் பட்டம் கிடைத்ததும் அவள் அம்மா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சின்ன வீடு, சுவரில் மாதா படம், கீழே மின்விளக்கு. வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். ஐஸ்கிரீம் வாங்க ஜூலி வெளியே போன நேரத்தில் அந்த அம்மாள் அலமாரியிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“உங்க மாத்திரதான் சார். நம்ம தெரு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. போன்ல பாப்பா பேரக் காட்டுனாரு, மொதப் பேரே அதான். எம் பொண்ணு எழுதுன மாத்திரைய நான் சாப்புடாம யாரு சாப்புடறது?”

“முட்டி எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“முட்டி சூப்பரா இருக்கு சார். காலுதான் கொஞ்சம் வீங்குது. நின்னுகிட்டே வேலயில்ல. ஸ்கூல்ல பாத்ரூம் பூட்டியே கெடக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணியே குடிப்பேன்.”

சொல்லிக்கொண்டே கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டினார். பள்ளம் விழுந்தது. நிரம்ப நேரமாயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். மாத்திரன்னாலே திட்டுவா. முட்டிக்கு மாத்திர கேட்டுப் பாத்தேன், நீ எதுவும் சாப்புடாதங்கறா. நான் சாப்புடறதே அவளுக்குத் தெரியாது.”

சொல்ல மாட்டேன் என்றேன். ஜூலி ஐஸ்கிரீமோடு வந்தாள். சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். ஒரு பெண்மணிக்குக் கொடுத்த வாக்கு, மேடம். நான் அதைக் காப்பாற்றினேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மாளுக்கு வாந்தியும் சோர்வும் வந்து கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூலி முதலில் கூப்பிட்டது என்னைத்தான். உடனே போனேன். தெரிந்தவர்களிடம் பேசிப் படுக்கை வாங்கிக் கொடுத்தேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். “இல்ல டாக்டர், அம்மா மாத்திரையே சாப்புடாது” என்று ஜூலி சொன்னாள்.

ஆரோக்கிய ராணி கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். பொண்ணு எதிரில் மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி ஒரு பார்வை. நீங்க சொல்லுங்க என்றும் அதில் இருந்தது, சொல்லிடாதீங்க என்றும் இருந்தது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். லேசாகத் தலையசைத்தேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். தெம்பு வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவர் மறுபடியும் மாத்திரை சாப்பிட்டிருப்பார். முட்டிக்கு அது கேட்டதல்லவா. இரண்டாவது முறை கொண்டுவந்தபோது டயாலிசிஸ் செய்தும் பலனில்லை.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர்களுடைய மாதா கோயில் பங்குக்காரர்கள் எனக்கு இடம் விட்டார்கள். கல்லறையில் ஜூலி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எதனால சார்? நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டாள். உடம்பு என்றால் அப்படித்தான் என்று சொன்னேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

பிறகு கதிரவன் நேரிலேயே வந்தார். நான் சொன்ன முதல் வாசகர் அவர்தான். மங்கலம்பேட்டையில் அவருடைய நோயாளிகள் இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

“முழு பேப்பர இப்பத்தான் வாங்கிப் படிச்சேன் சார். உள்ள ஒரு டேபிள் இருக்கு. கீழ குட்டியா எழுதியிருக்கு.”

“ஆமா, இருக்கு” என்றேன்.

“நான் போன் பண்ணப்பவே சொல்லியிருக்கலாமே சார்.”

அவர் சத்தம் போடவில்லை. அழுகிற மாதிரி இருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். புகார் எழுதியவர் அவர்தான். அதைப் பார்த்துத்தான் தெரு டாக்டர் பயந்துபோய் ஜூலியிடம் உண்மையைச் சொன்னார் போலிருக்கிறது, உன் அம்மாவுக்கும் அதையேதான் எழுதிக்கொடுத்தேன் என்று.

நேற்று ஜூலி உங்களிடம் அந்தச் சுருக்கத்தைத் தானே எழுதியதாகவும் வடிவத்தைத் தானே தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அம்மாவைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாகச் சொன்னாளாம். அது சரியில்லை. விரல் அவளுடையது, வாக்கியம் என்னுடையது. தலைப்புப் பிரித்து அவள் எழுதியது என் கணினியில் இன்னும் இருக்கிறது. தருகிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. அதை அனுப்பியிருந்தால் மங்கலம்பேட்டையில் அந்த இரண்டு பேரும் ஆரோக்கிய ராணியும் இருந்திருப்பார்கள். இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே பத்தி போதும் என்று முடிவு செய்தவன் நான். அதனால் எப்படிப்பட்டவர்கள் சாவார்கள் என்பது, பெயர் தெரியாவிட்டாலும், எனக்குத் தெரியும். ஒருவர் விஷயத்தில் பெயரும் தெரியும், கணுக்காலையும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். களைப்பு என்றுதான் சொல்ல வருகிறது. ஒரு முறையாவது நான் எழுதியதை நாலு பேர் படிக்கட்டும் என்று இருந்தது. படித்தார்கள். படித்த பிறகு அதை நானே எழுந்து இல்லை என்று சொல்ல உடம்பில் வலு இல்லை. இதற்குமேல் ஆழமான காரணம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். அவள் வீட்டில் சாப்பிட்ட அன்று அவள் அம்மா மாத்திரையையும் காலையும் எனக்குக் காட்டிய விஷயம் ஜூலிக்கு இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், மேடம். அந்தப் பெண் என்னை அப்பா ஸ்தானத்தில் வைத்திருக்கிறாள்.