ராகலை பஸ்ஸில் போலந்துக்காரன்

ஞாயிற்றுக்கிழமை காலை, ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ். எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பேர். இளையவரின் மடியில் ஒரு சோடி பந்தாட்ட பூட்ஸ், கையில் விளையாட்டுப் பக்கம் விரித்த பேப்பர்.

“இந்தப் போலந்துக்காரன் பிரான்சு டீமுக்குப் போய் கோல் போட்டா பேப்பர்ல படம் போடுறாங்க. நான் லிந்துலைக்குப் போய் போட்டா மட்டும் துரோகியா, மச்சான்?”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அவன் பொழைக்கப் போனான், மாப்புள்ள.”

“நான் மட்டும்? பொண்ணு கட்டுனது லிந்துலையில, வேலைக்குப் பேர் பதிஞ்சதும் அந்தத் தேயிலைத் தோட்டத்துல. பந்த மட்டும் ராகலைக்கு அடிக்கணுமா?”

“பொறந்த தோட்டத்துக்கு எதிரா அடிக்கிறியே, அதச் சொல்றேன். அந்தப் போலந்துக்காரன் போலந்து கோலுக்கு அடிச்சானா?”

“அது தெரியல. ஆனா அங்க கோல்ல அவன் மச்சான் நின்னிருக்க மாட்டாரு.”

ராகலை அணியின் கோல் கீப்பர் பெரியவர்தான் என்பதும், மத்தியானம் லிந்துலையில் இரண்டு தோட்டங்களுக்கும் போட்டி என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

கந்தப்பளை தாண்டியதும் பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஒங்கக்கா காலையில என்ன சொன்னா தெரியுமா? தம்பி அடிச்சா புடிச்சிராதீங்கன்னா. புதுப் பொண்டாட்டி முன்னால நீ அவமானப்படக் கூடாதாம்.”

இளையவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நேத்து ராத்திரி ஒங்க வீட்டுல சோறு போடும்போது என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னுச்சு! கோல் போட்டுறாதடா, அப்புறம் மச்சான் லயத்து வீட்டாளுங்க முன்னால தலைகாட்ட முடியாதுன்னுச்சு.”

இளையவர் மடியிலிருந்த பூட்ஸைக் காலடியில் இறக்கிவைத்தார்.

“அப்பப் பந்த வெளிய அடிச்சிரு, மாப்புள்ள,” என்றார் பெரியவர். “ரெண்டு பேருக்கும் சோறு கெடைக்கும்.”