பின்கதவும் ஒரு வினைச்சொல்லும்

மேடையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, தையல்கூடத் தோழியரே, தாயை இழந்து நிற்கும் மகளே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

சட்டைக்குக் காஜா எடுக்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த நம் 'கிராமர் அக்கா' போய்விட்டார். மகளின் பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்று, சாப்பாட்டு இடைவேளையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதி, எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார்! "ஐ ஆம் ஃபீவர்" என்று ஒருத்தி லீவு கேட்டபோது நாம் சிரித்தோம். அக்கா சிரித்தாரா? "காய்ச்சல் உனக்கு வந்திருக்குடி, நீயே காய்ச்சலாயிடல. ஐ ஹேவ் ஃபீவர்னு சொல்லு" என்றார்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் ஆலையின் பாதுகாப்பைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர் வந்தார். சூப்பர்வைசரான நான்தான் மொழிபெயர்த்தேன். இரண்டாம் மாடிப் பின்கதவைப் பற்றி அவர் கேட்க, பேக்கிங் பெண் உண்மையைச் சொன்னாள்: "எப்பவும் பூட்டித்தாங்க இருக்கு." மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 'டோர் வாஸ் லாக்ட்' என்றேன். ஏதோ பழைய கதை போல!

மிஷின்கள் நின்றன. அக்கா எழுந்தார். "நாட் வாஸ், சார். இஸ். டோர் இஸ் லாக்ட். நௌ."

ஆய்வாளர் நேரே கதவுக்குப் போனார். சாவி கிடைக்கப் பத்து நிமிடம். தீ பத்து நிமிடம் காத்திருக்குமா, தோழியரே? அன்றே பூட்டு போனது. மறுநாள் அக்காவின் வேலையும் போனது! சங்கம் போராடி மூன்று மாதம் கழித்து மீட்டது.

"எல்லார் முன்னாடியும் என்னக் காட்டிக் கொடுத்துட்டீங்களே அக்கா" என்று அழுதேன். "அட போடி! தப்பாச் சொன்னே, திருத்துனேன். உனக்கு மட்டும் விட்டுட முடியுமா?" என்றார்.

கடைசிப் பதினோரு நாள் அக்கா மருத்துவமனையில் கிடந்தார். அந்தப் பதினோரு நாளுக்குள், துணி களவு போகிறதென்று அதே கதவில் புதுப் பூட்டு! இன்று காலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அக்காவின் இடைவேளை வகுப்பு நாளையும் நடக்கும். மகள் நடத்துகிறாள், முதல் பெஞ்சில் நான் உட்காருகிறேன். திங்கட்கிழமை மறுபடி ஆய்வாளர் வருகிறார். மொழிபெயர்க்கப்போவதும் நான்தான். ஆனால் அதுவரை காத்திருப்பது அக்காவுக்குச் செய்யும் மரியாதையா?

மேலாளர் அவர்களே, சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எழுந்து முன்னால் நடங்கள். நாங்கள் எல்லோரும் பின்னால் வருகிறோம்.