முதல் போன் என்னோடது

அக்கா: ஆடாதே. புருவம் கோணினா டிவியில ஊரே பாக்கும்.

சிட்டு: என் வேலையே கோணிக்கிட்டு நிக்குது, புருவம் கோணினா என்னக்கா?

அக்கா: அழாம சொல்லு, மை கரையும். முதலாளி அப்படி என்னதான் சொன்னாரு?

சிட்டு: "நீ பாட்டுப் போடறியா, சாவுச் சேதி வாசிக்கறியா"ன்னு கேட்டாரு. கேமராக்காரங்க, லைட்காரங்க எல்லார் முன்னாடியும்.

அக்கா: அவர் வாயில என்னிக்கு நல்ல வார்த்தை வந்திருக்கு?

சிட்டு: ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்து நாலு மாசம் ஆச்சாம். மத்த சேனல்ல எல்லாம் பொண்ணுங்க வீட்டுல பேசற மாதிரி பேசறாங்களாம். நான் மட்டும் "நேயர்களே, அடுத்து மலரவிருக்கும் பாடல்"னு இழுக்கறேனாம். அது மலர்றதுக்குள்ள ஜனம் சேனலை மாத்திடுதாம்.

அக்கா: அதுல பொய் இல்லையே...

சிட்டு: அக்கா...

அக்கா: பின்ன என்னடி? இந்த நாற்காலியில உக்காந்தா உன் வாய் மூடுதா? போன மாசம் என் பொறந்தநாளுக்கு இங்கயே நின்னு பாடினே. டிரம்ஸ், கிடார், பின்னாடி ஹம்மிங்... எல்லாம் உன் ஒரு வாய்தான். லிப்ஸ்டிக் என் புடவையில தெறிச்சுது. அதே வாய் செட்டுக்குள்ள போனா இஸ்திரி போட்ட மாதிரி ஆயிடுது.

சிட்டு: அது நீங்கக்கா. உங்ககிட்ட எது வேணா பேசலாம். அங்க போன்ல வர்றது யாரு எவருன்னே தெரியாது. ஹலோன்னு ஒரு குரல் வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்குது. சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு, என்ன பாட்டு வேணும்னு கேட்டுட்டு... அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னே தெரியல.

அக்கா: கண்ணை மேல பாரு... ம். ஐயோ, தூக்கமா வருது. அந்த மனுஷன் குறட்டை விட்டா எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிருதுடி. ராத்திரி பூரா சிவராத்திரிதான்.

சிட்டு: நீங்க வேற... இன்னிக்கு ஒரு நாள் பாப்பேன், இல்லேன்னா நாளைக்கு வேற பொண்ணுன்னுட்டாரு. ஏற்கெனவே வரவழைச்சாச்சு. முன் ரூம்ல உக்காந்திருக்கா, பாத்தீங்களா?

அக்கா: பாத்தேன். நல்ல மூக்கு.

சிட்டு: உங்களைப் போய்க் கேட்டேன் பாருங்க.

அக்கா: சரி, சரி, மூஞ்சியைத் தூக்காதே, பவுடர் விழும். இந்தப் பக்கம் திரும்பு... ஒரு காரியம் பண்ணலாமா? நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் முதல் போன் நான் பண்றேன்.

சிட்டு: நீங்களா? எங்கேயிருந்து?

அக்கா: இங்கேயிருந்துதான். இந்த மேசை மேல போன் சும்மாதானே தூங்குது. டிவியில கீழ ஓடற நம்பர் எனக்குத் தெரியாதா? குரலை மாத்திக்கறேன். யாரோ ஒரு வீட்டுப் பொம்பளை மாதிரி.

சிட்டு: லைன் கிடைக்கணுமே. ஜனம் வாரக்கணக்கா நம்பரைச் சுத்திட்டிருக்காம்.

அக்கா: ஆபரேட்டரோட கல்யாணத்துக்குப் பொண்ணுக்கு மேக்கப் போட்டது யாரு? நான் சொன்னா தட்ட மாட்டான். முதல் போன் என்னோடது. என்னோட பேசறதா நெனச்சுக்கிட்டுப் பேசு, போதும்.

சிட்டு: யாரா வருவீங்க? என்ன சொல்லுவீங்க?

அக்கா: இப்பவே சொன்னா உக்காந்து மனப்பாடம் பண்ணிடுவே. கெளம்பு.

சிட்டு: அக்கா... கண்டிப்பா பண்ணுவீங்கல்ல?

அக்கா: போடி, லைட் போட்டாச்சு.

*

சிட்டு: ...நேயர்களே வணக்கம். இன்றைய நிகழ்ச்சியில் மலரவிருக்கும்... ம். சரி, அதை விடுங்க. முதல் போன் வந்துடுச்சு. ஹலோ?

போன்: ஹலோ... ஹலோ? கிடைச்சுடுச்சா?

சிட்டு: கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு. சொல்லுங்க.

போன்: ஐயோ... நிஜமாவே நீங்கதானா? மூணு வாரமா சுத்தறேம்மா. ரீடயல் பட்டன் தேஞ்சே போச்சு.

சிட்டு: மூணு வாரமா... அடேயப்பா. நல்லா ஆரம்பிச்சீங்க. குரல்கூட பிரமாதம். அடையாளமே தெரியல.

போன்: என்னம்மா?

சிட்டு: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. நான் பேசறது எனக்கே திரும்பி வருது.

போன்: குறைக்க முடியாதும்மா. கடையில இருக்கேன். வந்தவங்க எல்லாம் உங்களைத்தான் பாத்துட்டிருக்காங்க. குறைச்சா சண்டைக்கு வந்துடுவாங்க.

சிட்டு: கடையா? சரி, கடைன்னே வெச்சுப்போம். என்ன கடை?

போன்: கேக் கடை. நான் கேக்ல பேர் எழுதறவ.

சிட்டு: ஓஹோ. எனக்கும் ஒருத்தங்களைத் தெரியும், அவங்க முகத்துல எழுதறவங்க. புருவம் எழுதும்போது அழுத்தற அழுத்துல உயிரே போயிடும். நீங்களும் அப்படித்தான் அழுத்துவீங்களா?

போன்: அழுத்தவே கூடாதும்மா. அழுத்தினா எழுத்து உள்ள இறங்கிடும். மேலாக்க ஓடணும்.

சிட்டு: கேட்டுக்கிட்டீங்களா, எல்லாரும் இதைக் கேட்டுக்கணும். மேலாக்க ஓடணும். சரி, உங்க பேரு?

போன்: பேரு எதுக்கும்மா... நாள் பூரா ஊரார் பேரா எழுதிட்டு நம்ம பேரைச் சொல்ல என்னவோ கூச்சமா இருக்கு.

சிட்டு: அப்ப நீங்க எனக்கு கேக் அக்கா. கேக் அக்கா, வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? இன்னும் குறட்டைதானா?

போன்: ...உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

சிட்டு: ஜன்னல் கண்ணாடி அதிருமாமே?

போன்: அதிரும்தான். ஆனா இப்ப அவரு கப்பல்ல வேலைக்குப் போயிட்டாரு. அங்க யாரு ஜன்னல் அதிருதோ.

சிட்டு: கப்பல்லயே ஏத்தி அனுப்பிட்டீங்களா? ஐயோ, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நிம்மதியாத் தூங்குங்க அக்கா.

போன்: எங்கம்மா... அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது.

சிட்டு: அடடா... அங்கதான் நிக்கறீங்க. சரி, என்ன பாட்டு போடலாம்?

போன்: அந்தப் புதுப் படத்துப் பாட்டும்மா. ஆரம்பத்துல தபேலா, வயலின் ஒண்ணும் இருக்காது. சொட்டு சொட்டா ஒரு சத்தம் மட்டும் வருமே. கம்ப்யூட்டர்ல பண்ணதாமே?

சிட்டு: ஆமா, ஆமா. டக்... டக்... டிடக்.

போன்: அதேதான். எங்க முதலாளி அதைப் பாட்டே இல்லைங்கறாரு, குழாய் ஒழுகற சத்தமாம். எனக்கு உசிரு. கேக்ல ஓரம் சுத்திப் புள்ளி வைக்கணும். அந்தப் பாட்டு ஓடும்போது வெச்சா எல்லாப் புள்ளியும் ஒரே அளவா விழும். இந்த மாதிரி ஒரு சத்தம் உலகத்துல இருக்குன்னே எனக்கு இந்த வருஷம்தாம்மா தெரியும்.

சிட்டு: ...எவ்வளவு அழகா சொல்றீங்க. இத்தனை நாள் எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையே?

போன்: லைன் கிடைச்சாத்தானே சொல்ல முடியும்... நீங்க போன வாரம் ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தீங்க. அதே மஞ்சள்ல க்ரீம் கலக்கினேன். இப்ப கடையில அந்த கேக்குக்குத்தான் கிராக்கி.

சிட்டு: அந்தச் சட்டையை எடுத்துக் குடுத்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இப்படி டிவியில வந்து சொல்லிக் காட்ட வேண்டாம். சரி, பாட்டு யாருக்கு? வீட்டுக்காரருக்கா, கப்பலுக்கா?

போன்: எனக்குத்தாம்மா.

சிட்டு: உங்களுக்கேவா?

போன்: இன்னிக்கு... எனக்குப் பொறந்தநாள்.

சிட்டு: பொறந்தநாளா? அதான் போன மாசமே வந்துட்டுப் போச்சே.

போன்: இல்லம்மா, இன்னிக்குத்தான். இங்க யாருக்கும் தெரியாது. காலையிலேருந்து யார் யாருக்கோ வாழ்த்து எழுதிட்டேன். நம்ம பேரை நாமே எழுதி வெச்சுக்க முடியுமா? பாக்கறவங்க சிரிப்பாங்க. அதான் உங்க வாயால ஒரு தடவை...

சிட்டு: கேக் அக்கா... அழறீங்களா?

போன்: இல்லம்மா. அடுப்புச் சூடு.

சிட்டு: உங்களுக்கு இவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. என் கண்ணும் கலங்குது. மை கரைஞ்சா நீங்கதான் பொறுப்பு. இருங்க, பாட்டு அப்புறம் வரட்டும். முதல்ல நான் பாடறேன்.

போன்: நீங்களா? டிவியிலயா?

சிட்டு: டிவி என்ன டிவி, நாம ரெண்டு பேர்தானே. டிரம்ஸும் நான்தான், சிரிக்கக் கூடாது. டும் டக டும்... ஊருக்கெல்லாம் பேரெழுதும் அக்கா... டிடக்... உன் பேரைச் சொல்ல வந்தோம் இங்க பக்கா... டும் டக டும்... கப்பலே, கப்பலே, கரைக்கு வா... டிடக் டிடக்... அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லக் குறட்டையோட வா... டும்!

போன்: கேட்டீங்களா எல்லாரும்? எனக்குத்தான் பாடறாங்க!

சிட்டு: கேக் அக்கா? லைன்ல இருக்கீங்களா?

போன்: இருக்கேம்மா... கடையில எல்லாரும் கை தட்டறாங்க. முதலாளிகூட எழுந்து வந்துட்டாரு. நீங்க நல்லா இருக்கணும்.

சிட்டு: நீங்களும்தான். நூறு வருஷம். இதோ, உங்க சொட்டுச் சொட்டுப் பாட்டு.

*

சிட்டு: அக்கா, கதவைத் திறங்க. வேலை தங்கிடுச்சு.

அக்கா: திறந்துதான் இருக்கு. உள்ள வா.

சிட்டு: முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? "இத்தனை நாள் இந்தப் பொண்ணு எங்க ஒளிஞ்சிருந்தா"ன்னு. நாளைக்கும் நான்தான், இனிமே தினமும் நான்தான். அந்த நல்ல மூக்குக்காரியைக் காபி குடுத்து அனுப்பிட்டாங்க.

அக்கா: பாவம். உக்காரு, துடைக்கணும்.

சிட்டு: ரெண்டாவது போன், மூணாவது போன்... எல்லாம் முன்ன பின்ன தெரியாத ஜனம். ஒரு பயமும் வரலக்கா. ஒரு தாத்தாவை ஆடச் சொல்லிட்டேன், ஆடினேன்னு சத்தியம் பண்றாரு. எல்லாம் உங்களாலதான்.

அக்கா: கண்ணை மூடு.

சிட்டு: உங்களை சினிமாவுல சேத்துவிடணும். மேக்கப் போட இல்ல, நடிக்க. கேக்காம், கப்பலாம், புள்ளி வெக்கறதாம்... எங்கேயிருந்துக்கா பிடிச்சீங்க? கை தட்டற சத்தம் வேற. யாரைக் கூட்டி வெச்சு தட்டச் சொன்னீங்க?

அக்கா: கண்ணை மூடுன்னேன்ல. துடைக்கற எண்ணெய் உள்ள போயிடும்.

சிட்டு: போன்ல அந்தப் பேச்சுப் பேசிட்டு இப்ப என்ன வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க? ...உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

அக்கா: சிட்டு... நான் போன் பண்ணலடி.

சிட்டு: லைன் கிடைக்கலையா?

அக்கா: ரிசீவரையே எடுக்கல. ஆபரேட்டர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. தெரியாதவங்கன்னாத்தானே உனக்கு நாக்கு ஒட்டிக்குது? வர்றவங்களை நான்னு நெனச்சுட்டா ஒட்டாதுன்னு தோணிச்சு. உங்கிட்ட சொன்னா நீ செட்டுக்கே போயிருக்க மாட்டே.

சிட்டு: விளையாடாதீங்க... அப்ப அது யாரு? ஐயையோ, நான் குறட்டையெல்லாம் கேட்டேனே. போன மாசமே வந்துட்டுப் போச்சேன்னு வேற... அக்கா, அப்ப அந்தப் பொறந்தநாள்?

அக்கா: நிஜம்டி, அந்த கேக் அக்காவுக்கு இன்னிக்குத்தான். நீ பாடினப்ப இங்க உக்காந்து நானும் அழுதேன்... ஆனா போன்ல அழுதது நான் இல்ல.